புட்டுக்கு ஒரு துணை

"மிச்ச நேரம் எல்லாம் இவர் யாரோட இருக்கிறார்?"

லண்டனில் எங்கள் பகுதி மிருக வைத்தியசாலையில் நேர்ஸ் இப்படிக் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. 'இவர்' என்றது எங்கள் முயலை. பெயர் புட்டு. வெள்ளை வெளேரென்று, உதிர்த்துக் கொட்டிய அரிசிமாப் புட்டு மாதிரியே இருப்பான். ஆறு வயது மகன் வைத்த பெயர். வரவேற்பில் பெயரைக் கூப்பிடும்போது நாக்குச் சுளுக்கும், ஆனால் யாரும் மறக்க மாட்டார்கள்.

புட்டுவை நாங்கள் தேடிப் போய் வாங்கவில்லை. நண்பர் ஒருவர் வீடு மாறினார், புது இடத்தில் செல்லப்பிராணிக்கு அனுமதி இல்லை. ஒரு கோடை மாலை, முயலும் கூடும் அரை மூட்டை காய்ந்த புல்லும் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தன. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்பு செலுத்த இரண்டு பிள்ளைகள் இருக்கும்போது முயலுக்கு வேறென்ன வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

நேர்ஸின் கேள்விக்குப் பிறகு வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். காலை 8 மணிக்கு எல்லோரும் வெளியே. நாலு மணிக்குப் பிள்ளைகள் திரும்பினால் ஹோம்வேர்க், நீச்சல், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம், ஞாயிறு மிருதங்கம். புட்டுவுக்கு உண்மையில் கிடைத்தது நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். முயல்கள் விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான் அதிகம் ஓடித் திரியும். அந்த இரண்டு நேரமும் எங்கள் வீட்டில் ஒன்று தூக்கம், மற்றது அவசரம்.

இரவில் அவன் கூட்டுக் கம்பியைக் கடித்து இழுக்கும் சத்தத்தைக் 'குழப்படி' என்று நினைத்திருந்தோம். அது குழப்படி இல்லை, சலிப்பும் தனிமையும் என்று நேர்ஸ் விளக்கினார். காட்டு முயல்கள் வளைகளில் கூட்டமாக வாழ்பவை. ஒன்று மேயும்போது மற்றது காவல் இருக்கும். ஆபத்து என்றால் பின்காலால் நிலத்தில் ஓங்கி அடித்துச் சொல்லும். ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும். இதில் எதையும் மனிதர் செய்து கொடுக்க முடியாது. கினிப்பிக் ஒன்றை வாங்கிவிடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். இரண்டுக்கும் பாஷை வேறு, சாப்பாடு வேறு. முயலின் ஒரு உதை கினிப்பிக்குக்குப் பெரிய காயம்.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா சிரித்தார். அப்பா போன பிறகு அம்மா எங்களோடு வந்து அப்போது இரண்டு மாதம்தான்.

"வன்னியில முயலைக் கண்டா சட்டிக்குள்ளதான். நீங்கள் அதுக்குக் கலியாணம் பேசுறியளோ?"

பேசத்தான் போனோம். சாதகப் பொருத்தம் பார்ப்பதற்குக் குறைவில்லாத வேலை அது.

முதல் விஷயம், ஆணா பெண்ணா என்பது. ஆணும் பெண்ணும் சேர்ந்த சோடிதான் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம், ஆனால் இரண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் செய்திருக்க வேண்டும். குட்டி போடாமல் இருப்பதற்கு மட்டும் அல்ல. ஆபரேஷன் செய்யாத முயல்கள் வளர்ந்ததும் இடத்துக்காகச் சண்டை பிடிக்கும். பெண் முயல்களுக்கு வயது போகப் போகக் கருப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்தும் பெரிது. ஆபரேஷன் முடிந்தாலும் ஆண் முயலை உடனே சோடி சேர்க்கக் கூடாது. அவனால் ஆறு வாரம் வரை குட்டி கொடுக்க முடியும், உடம்பில் உள்ள ஹோர்மோன் அடங்கவும் அந்த அவகாசம் தேவை.

"மாட்டுக்கு நலமெடுக்கிற மாதிரியோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம் அம்மா. ஆனா மயக்கமருந்து குடுத்துச் செய்வினம்."

"எவ்வளவு காசு?"

சொன்னேன். அம்மா அதற்குப் பிறகு அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை.

ஆறு வாரம் முடிய, மிருகக் காப்பகம் ஒன்றுக்குப் போனோம். பத்து வயது மகள் போகும்போதே முடிவு செய்திருந்தாள்: காது தொங்குகிற, தட்டை முகமுள்ள, உள்ளங்கையில் அடங்குகிற குட்டி. படங்களில் வரும் முயல் அதுதானே. காப்பகத்துப் பெண்மணி அவளோடு பெரியவர்களிடம் பேசுவது போலவே பேசினார். தொங்கும் காது முயல்களுக்குக் காதில் அழுக்குச் சேர்ந்து நோய் வருவது கூட, தட்டை முகம் என்றால் பல் சரியாகப் பொருந்தாமல் வளர்ந்து வருத்தும் என்றார். முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். குட்டிக்கோ இன்னும் ஆபரேஷன் செய்யும் வயது வரவில்லை. இன்றைக்குச் சாதுவாக இருப்பது ஐந்து மாதத்தில் எப்படி மாறும் என்று யாருக்கும் தெரியாது. வளர்ந்த முயல் என்றால் குணம் தெரிந்த முயல்.

அப்படித்தான் சம்பல் எங்களுக்குக் கிடைத்தாள். மூன்று வயது, நிமிர்ந்த காது, செம்மண் நிறம். ஆபரேஷன் முடிந்தது, தடுப்பூசியும் போட்டாயிற்று. இங்கே மிக்சோமடோசிஸ் என்ற நோய்க்கும், இரண்டு வகை ரத்தக்கசிவு நோய்க்கும் வருடம் தவறாமல் ஊசி போட வேண்டும். வீட்டுக்குள்ளேயே வளர்த்தாலும் போடத்தான் வேண்டும். பூச்சிகளும் எங்கள் சப்பாத்துமே நோயைக் கொண்டுவரும். சம்பலோடு இருந்த ஆண் முயல் சில மாதங்களுக்கு முன் செத்துவிட்டதாகவும், அதற்குப் பிறகு அவள் ஒரு மூலையிலேயே இருப்பதாகவும் சொன்னார்கள். காரில் திரும்பும்போது அதை அம்மாவுக்குச் சொன்னேன்.

"சோடி செத்ததோ?" என்றார். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

காப்பகத்தில் எங்களுக்கு இரண்டு பக்க அறிவுறுத்தல் தந்திருந்தார்கள். முதல் வரி, தடித்த எழுத்தில்: உடனே ஒன்றாக விட வேண்டாம்.

நான் விட்டேன்.

எனக்குச் சாட்டு நிறைய இருந்தது. அக்டோபர் ஹாஃப் டேர்ம் லீவு தொடங்கிய நாள். பிள்ளைகள் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். 'எப்ப அப்பா, எப்ப அப்பா' என்று மகன் ஐம்பது தரம் கேட்டுவிட்டான். இரண்டும் சாதுவாகத்தான் தெரிந்தன. மனைவி வேலையில் இருந்தா. ஐந்து நிமிஷம் பார்க்கலாம் என்று புட்டுவின் வேலிக்குள் சம்பலை இறக்கினேன்.

பத்து விநாடிகூட இல்லை. புட்டுவின் வால் மேலே எழும்பியது, காது பின்னால் படுத்தது. அடுத்த கணம் இரண்டும் ஒரே உருண்டையாகச் சுழன்றன. வெள்ளை மயிரும் செம்மண் மயிரும் பறந்தன. முயல் கத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கையை விட்டுப் பிரித்ததில் எனக்கு இரண்டு பல் தடம். சம்பலின் காது நுனி கிழிந்திருந்தது. மகன் அழுதான். மகள் அழவில்லை. "அப்பா, அந்தப் பேப்பரில வேண்டாம் எண்டு இருந்தது. நான் வாசிச்சனான்," என்றாள். அதைக் கேட்டபோதுதான் கை உண்மையாக வலித்தது.

காயத்துக்கு மருந்து போட்ட வைத்தியர், காதை விட வயிற்றைக் கவனிக்கச் சொன்னார். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பயத்தாலோ வலியாலோ சாப்பாட்டை நிறுத்தினால் குடல் நின்றுவிடும். அரை நாள் சாப்பிடாத முயல் அவசர நோயாளி, 'காலையில பாப்பம்' என்று படுக்க முடியாது. வலியை வெளியே காட்டாத பிராணி வேறு. வலி மருந்தும், கரைத்து ஊட்டும் மாவும், ஊசியில்லாத சிரிஞ்சும் தந்து அனுப்பினார்.

அன்றிரவு சம்பல் புல்லைத் தொடவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருக்கால் மாவைக் கரைத்து வாயோரம் விட வேண்டும். எனக்குக் கை நடுங்கியது. அம்மா ஒரு துவாயை எடுத்து, முகம் மட்டும் தெரியச் சம்பலைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அப்பாவுக்குக் கடைசி மாதங்களில் கஞ்சி ஊட்டிய கை அது. அவசரமே இல்லை. சொட்டுச் சொட்டாக விட்டு, அவள் மெல்லும் வரைக்கும் காத்திருந்து, மறுபடி விட்டார்.

விடியப்புறம் மூன்று மணி இருக்கும். அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"தம்பி, அவன்ர இடத்துக்குள்ள கொண்டுபோய் அவளை விட்டிட்டாய். ஒளிக்கிறதுக்கு அவளுக்கு ஒரு மூலை இருந்ததோ?"

நான் பேசவில்லை.

"நான் வந்த அண்டைக்கு நீங்கள் எல்லாரும் நல்லாத்தான் சிரிச்சனீங்கள். பிழை சொல்லேல்ல. ஆனா எந்த லாச்சியைத் திறந்து கரண்டி எடுக்கலாம், எதைத் தொட்டாப் பிழை எண்டு எனக்கு இன்னும் தெரியாது."

அந்த இரண்டு மாதமும் சமையலறையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அம்மா மிளகாய்த்தூள் போத்தலை இடம் மாற்றுவார். மனைவி திரும்ப வைப்பா. ஒருவரும் சத்தம் போடவில்லை. சத்தம் இல்லாததால் பிரச்சினை இல்லை என்று நான் வசதியாக முடிவு செய்திருந்தேன்.

காலை ஆறரைக்குச் சம்பல் தானாக ஒரு கொத்தமல்லித் தண்டை இழுத்து மென்றாள். அம்மா பிறகுதான் படுக்கப் போனார்.

அடுத்த முறை பேப்பரில் இருந்தபடியே செய்தோம். மகளைப் பொறுப்பாக வைத்தோம். அவள் ஒரு கொப்பி போட்டு எழுதத் தொடங்கினாள்.

முதல் பத்து நாள் இரண்டும் வேறு வேறு அறை. பார்க்கவே விடவில்லை. அதற்குப் பிறகு முன் அறையில் இரண்டு வேலிகள், பக்கம் பக்கமாக, நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு. இடைவெளி இல்லாவிட்டால் கம்பிக்குள்ளாலும் மூக்கைக் கடித்துவிடும். தினமும் இவன் படுத்த துணியை அவளிடமும், அவள் படுத்ததை இவனிடமும் மாற்றினோம். முயலுக்கு மணம்தான் அடையாள அட்டை. மணம் பழகினால் ஆளும் பாதி பழகிய மாதிரி. சாப்பாட்டை வேலியோரமாகவே வைத்தோம். மற்றவரைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ நல்லது வருகிறது என்று இரண்டுக்கும் படிய வேண்டும். கொத்தமல்லியும் புதினாவும் எங்கள் சமையலறையில் எப்போதும் இருப்பவைதானே. அம்மா கறிக்கு இலையை எடுத்துக்கொண்டு தண்டை இவர்களுக்கு ஒதுக்குவார். வெங்காயம், உள்ளி பக்கமே போகக் கூடாது, அது நஞ்சு. கரட் கூட இனிப்புப் பண்டம் மாதிரி, எப்போதாவது ஒரு துண்டு. சாப்பாட்டில் 80 சதவீதத்துக்கு மேல் ஹே என்கிற காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். அது வைக்கோல் அல்ல. வைக்கோலில் சத்தில்லை.

நவம்பர் நடுவில் மகளின் கொப்பியில் ஒரு வரி: 'இண்டைக்கு ரெண்டு பேரும் வேலிக்குப் பக்கத்தில படுத்தினம். முதுகு காட்டி.' முயல் முதுகைக் காட்டிப் படுத்தால் பயம் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு நேருக்கு நேர் சந்திப்பு. இடம், இரண்டுமே கால் வைக்காத இடமாக இருக்க வேண்டும். எங்களுக்கு அது மேல்மாடிப் பாத்ரூம். வழுக்காமல் பெரிய துவாய்கள் விரித்து, நடுவில் ஒரு குவியல் புல். நான் கையுறையோடு, பிரிப்பதற்குத் தடித்த அட்டையும் வைத்துக்கொண்டு இருந்தேன். முதல் நாள் ஐந்து நிமிஷம். அடுத்த நாள் எட்டு. சரியாக இருக்கும்போதே முடிக்க வேண்டும், சண்டை வரும் வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

எது சண்டை, எது பேச்சு என்று படிப்பதுதான் கஷ்டம். கொஞ்சம் துரத்துவது, மயிரைப் பிடித்து இழுப்பது, ஒன்று மற்றதின் மேல் ஏறுவது எல்லாம் யார் பெரியவர் என்று தீர்மானிக்கும் பேச்சு. பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் விட வேண்டும். ஆனால் முகப் பக்கமாக ஏறினால் உடனே இறக்க வேண்டும், கீழே இருப்பது கடித்தால் மோசமான இடத்தில் காயம் வரும். வால் எழும்பி, காது படுத்து, ஒன்றையொன்று வட்டமிடத் தொடங்கினால் அது சண்டைக்கு முந்திய கணம். அட்டையை நடுவில் வைத்துவிட வேண்டும். காரில் ஏற்றி ஆட்டினால் பயத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்படியே சேர்ந்துவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். நாங்கள் செய்யவில்லை. பயத்தில் ஒட்டுவது நட்பு அல்ல.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு மாலை. புட்டு சம்பலின் முன்னால் போய்த் தலையைத் தரையோடு தாழ்த்தினான். 'என்னை நக்கிவிடு' என்று முயல் கேட்கும் விதம் அது. சம்பல் திரும்பிப் புல்லைத் தின்றாள். மறுநாளும் கேட்டான், மறுநாளும் தின்றாள். நாலாவது நாள் அவன் நெற்றியில் இரண்டு தரம் நக்கினாள். கதவுக்கு வெளியே நின்ற மகன் மூச்சே விடவில்லை. நான் தரையில் சாய்ந்து இருந்தேன். கண் கலங்கியதற்குக் காரணம் வினிகர் மணம் என்று சொல்லிக்கொண்டேன்.

வினிகர் வந்தது கடைசிக் கட்டத்துக்கு. இரண்டும் சேர்ந்து வாழப்போகும் இடத்தில் பழைய மணம் இருக்கக் கூடாது. அதனால் முன் அறையின் பாதியைக் காலியாக்கி, வினிகர் தண்ணீரால் துடைத்து, எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்தோம். புட்டுவின் பழைய கூட்டை எறிந்துவிட்டோம். ஒளிக்கும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல், ஒருவரை ஒருவர் உள்ளே மடக்க முடியாதபடி. தண்ணீர், தட்டு எல்லாம் இரண்டிரண்டு. இங்கே ராபிட் வெல்ஃபேர் அசோசியேஷன் ஒரு சோடிக்குச் சொல்லும் அளவு, 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம், அதுவும் இரவும் பகலும் திறந்தபடி. பெரிய சோபா போனது.

"ஆக்கள் வந்தா எங்க இருத்துறது?" என்றார் அம்மா. சொல்லிக்கொண்டே சோபாவின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்.

அதே சனிக்கிழமை பின்னேரம் மனைவி, நான் ஒன்றும் சொல்லாமலே, சமையலறை லாச்சிகள் எல்லாவற்றையும் கழற்றி மேசையில் கொட்டினா. "மாமி, வாங்கோ. முதல்ல இருந்து அடுக்குவம். எது எங்க எண்டு ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவம்," என்றா. இரண்டு மணி நேரம் ஆனது. இடையில் ஒருக்கால் குரல்கள் கொஞ்சம் உயர்ந்தன. நான் உள்ளே போகவில்லை. அதுவும் பேச்சுத்தான் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. இப்போது மிளகாய்த்தூள் இருப்பது இருவரும் முன்பு வைத்த இடத்தில் இல்லை, மூன்றாவது இடத்தில்.

கிறிஸ்மஸ் லீவு தொடங்கியதும் இரண்டு நாள், இரவும் பகலும் முறை வைத்து முயல்களைப் பார்த்தோம். அதற்குப் பிறகு பிரிக்கவே இல்லை. ஒன்றை வைத்தியரிடம் கொண்டுபோனாலும் இரண்டையும்தான் கொண்டுபோகிறோம். ஒன்று தனியாகப் போய் வேறு மணத்தோடு திரும்பினால் பழைய சண்டை புதிதாகத் தொடங்கும்.

பிள்ளைகள் முயல் கேட்கிறார்கள் என்றால், 'வேண்டாம்' என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. தெரிந்துகொண்டு 'ஓம்' சொல்லுங்கள். நீங்கள் இருக்கும் ஊரின் சட்டத்தை முதலில் பாருங்கள். பிரிஸ்பேனில் இருக்கும் என் மச்சாளின் பிள்ளைகள் புட்டுவை வீடியோவில் மட்டுமே பார்க்கலாம், குயின்ஸ்லாந்தில் வீட்டில் முயல் வளர்க்கத் தடை. முயல் 8 முதல் 12 வருடம் வரை இருக்கும். இன்றைக்குக் கேட்கும் பிள்ளை பல்கலைக்கழகம் போன பிறகும் புல் போடப்போவது நீங்கள்தான். ஊருக்கு ஆறு கிழமை போகும்போது யார் பார்ப்பது என்பதற்கு டிக்கெட் போட முதலே பதில் வேண்டும். தூக்கிக் கொஞ்சுவதை அநேக முயல்கள் விரும்பாது, தரையில் இருந்து பழகத் தெரிந்த பிள்ளைக்கே அது கிட்ட வரும். எடுப்பதென்றால் இரண்டாக எடுங்கள். ஏற்கனவே சேர்ந்து பழகிய சோடியைக் காப்பகத்தில் கேட்டால், நாங்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி உங்களுக்கு இல்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்து அதை அவசரத்தில் உடைத்தவன் என்ற முறையில் இன்னொன்று. மகளின் கொப்பியை அண்மையில் புரட்டினேன். முதல் பக்கத்தில் அக்டோபர் திகதி போட்டு, 'அப்பா பிழை விட்டார். சொறி சொன்னார்' என்று இருக்கிறது. அடுத்த பக்கத்திலிருந்து முயல்கள்.

இப்போது விடியக்காலை ஐந்தரைக்கு முன் அறையில் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்கும். சம்பல் காலால் அடிப்பது. சாப்பாடு எங்கே என்று அர்த்தம். யாரும் எழும்ப முதல் அம்மாவின் செருப்புச் சத்தம் சமையலறைக்குப் போகும். ஒரு லாச்சி திறக்கும், கத்தரிக்கோல் எடுக்கும் சத்தம் கேட்கும், கொத்தமல்லி மணம் மாடிவரை வரும். நான் திரும்பிப் படுத்துவிடுவேன்.